கிழியாத ஷீட்டில் தேங்கிய தண்ணீர்: ஒரு படுக்கையறைத் தரையின் நிகழ்வு ஆய்வு

2025 ஏப்ரல் மாதம் ஒரு காலைப்பொழுதில், நான் நின்று கட்டிக்கொடுத்த ஒரு வீட்டின் உரிமையாளர் தொலைபேசியில் அழைத்தார். ஓய்வுபெற்ற ஆசிரியர், குரலை உயர்த்தாமல் பேசுகிறவர். "தம்பி, படுக்கையறையில் நடந்தால் தரை அமுங்கி எழுகிறது. அலமாரியின் கீழ்க் கதவும் மூட மறுக்கிறது. ஒருமுறை வந்து பாருங்கள்" என்றார். குடிபுகுந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை.

அன்று மாலையே போனேன். செருப்பைக் கழற்றிவிட்டு அறைக்குள் நடந்தபோது உள்ளங்காலுக்கே விஷயம் புரிந்துவிட்டது. லேமினேட் மரத்தரையின் ஒவ்வொரு இணைப்பும் வரப்பு மாதிரி மேலே புடைத்திருந்தது. நடுவில் ஓரிடத்தில் பலகை முழுவதுமாகக் கிளம்பி, மிதித்தால் கீழே போய் மீண்டும் எழுந்தது. சுவரோரம் இருந்த அலமாரியின் அடிப்பலகை ஊறி, பிளைவுட்டின் அடுக்குகள் புத்தகப் பக்கங்களைப் போலப் பிரிந்து நின்றன. அலமாரியைத் திறந்ததும் நனைந்த சாக்கின் வாடை. பட்டுப்புடவைகளை எல்லாம் எடுத்து அடுத்த அறைக் கட்டிலில் விரித்து வைத்திருந்தார் வீட்டுக்கார அம்மா.

வாசற்படியைத் தாண்டி ஹாலுக்கு வந்தால் ஒன்றுமே இல்லை. டைல்ஸ் இணைப்புகளில் உப்புப் பூக்கவில்லை. சுவரின் அடியில் ஓதம் இல்லை. ஒரே பேஸ்மென்ட், ஒரே நிரப்பு மண், ஒரே மேஸ்திரி. இந்த வீட்டில் ஈரத்தடுப்புக்காக நான் அதிகம் பாடுபட்டதும், தரைக்கு அடியில் போட கனமான பாலித்தீன் ஷீட் வாங்கியதும், பக்கத்தில் நின்று விரிக்கச் சொன்னதும் அந்தப் படுக்கையறைக்குத்தான். ஏனோதானோவென்று வேலை நடந்த அறை நன்றாக இருந்தது. பார்த்துப் பார்த்துச் செய்த அறை கெட்டுப்போனது. இது ஏன் என்று புரிந்துகொள்ள எனக்கு ஆறு வாரங்கள் ஆயின.

வீடும் தரையும்

புதுச்சேரிக்குத் தெற்கே, கடலூர் செல்லும் சாலையிலிருந்து சற்று உள்ளே, கடலுக்கு இரண்டு கிலோமீட்டருக்குள் அமைந்த மனை. ஏறக்குறைய 1,200 சதுர அடியில் தரைத்தளம் மட்டும் கொண்ட வீடு. மொட்டை மாடிக்கு ஹாலிலிருந்தே படி. சாலை மட்டத்திலிருந்து மூன்று அடி உயரத்துக்குப் பேஸ்மென்ட் எழுப்பி, உள்ளே மணல் கலந்த மண்ணை நிரப்பி, தண்ணீர் விட்டுத் திம்மிசு போட்டு இறுக்கியிருந்தோம். அந்தப் பகுதியில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நிலத்தடி நீர் நன்றாக மேலே வந்துவிடும். அக்கம்பக்கத்து வீடுகளில் சுவரின் அடியில் முழங்கால் உயரத்துக்கு ஓதம் ஏறிப் பூச்சு உதிர்ந்திருப்பதைப் பார்த்தபிறகு, தரைக்கு அடியில் பாலித்தீன் ஷீட் விரிக்காமல் கான்கிரீட் போடக் கூடாது என்று முதலிலேயே முடிவு செய்தோம்.

ஷீட் வாங்கும்போது ஒரு பாடம் கிடைத்தது, அதைச் சொல்லிவிடுகிறேன். கடைகளில் ஷீட்டின் தடிமனைக் கேஜ் கணக்கில் கேட்கிறோம். 100 கேஜ் என்றால் 25 மைக்ரான். 1,000 கேஜ் என்றால் 250 மைக்ரான். உருளையின் மேல் என்ன எழுதியிருந்தாலும் தராசு உண்மையைச் சொல்லிவிடும். பாலித்தீனின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 0.92 கிராம். ஆகவே ஒரு சதுர மீட்டர் பரப்புள்ள 250 மைக்ரான் ஷீட் 230 கிராம் இருக்க வேண்டும். 4 மீட்டர் அகலம், 10 மீட்டர் நீளம் என்றால் 9.2 கிலோ. முதலில் வந்த சுருளை எடை போட்டுப் பார்த்தேன், 6.6 கிலோதான் இருந்தது. கணக்குப் போட்டால் 180 மைக்ரானைத் தாண்டவில்லை. அதை ஹாலுக்கும் சமையலறைக்கும் ஒதுக்கிவிட்டு, படுக்கையறைக்கென்று எடை சரியாக இருந்த இன்னொரு சுருளை வாங்கினேன். வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்து ஊசித்துளை இருக்கிறதா என்றும் பார்த்தேன். பழைய பிளாஸ்டிக்கை உருக்கிச் செய்த கறுப்பு ஷீட்டில் அப்படிப் பார்த்தால் சில சமயம் விண்மீன்களைப் போல ஒளிப்புள்ளிகள் தெரியும்.

ஹாலில் வேலை இப்படி நடந்தது. நிரப்பு மண்ணின் மேல் ஒரு அங்குலம் மெல்லிய சிமெண்ட் கலவையை இழுத்து மட்டம் செய்து, அதன் மேல் ஷீட்டை விரித்து, ஒன்றின் மேல் ஒன்று ஒரு சாண் ஏறும்படி வைத்து, நேராக அதன் மேலேயே நான்கு அங்குலக் கான்கிரீட். மேஸ்திரிக்கு இது பிடிக்கவில்லை. ஷீட்டின் மேல் நேராகக் கொட்டினால் கான்கிரீட்டில் உள்ள தண்ணீர் கீழே இறங்க வழியில்லாமல் மேலேயே வந்து நிற்கும். மேற்பரப்பைத் தேய்த்து வழவழப்பாக்கும் மணியாசக் கட்டையைப் போட நெடுநேரம் காத்திருக்க வேண்டும். தள்ளுவண்டி ஏறி இறங்கும்போது ஷீட் கிழியும் என்ற பயமும் உண்டு. இரண்டுமே நியாயமான குறைகள்தான்.

அந்தக் குறைகளைக் களைவதாக நினைத்துப் படுக்கையறையில் முறையை மாற்றினேன். அங்கே மரத்தரை வரப்போகிறது; ஒரு துளி ஈரமும் ஆகாது. எனவே கனமான ஷீட். இணைப்புகள் முழுவதும் டேப். நான்கு சுவர்களிலும் ஷீட்டை ஓர் அடி உயரத்துக்கு மேலே மடக்கி ஒட்டினோம். ஷீட் கிழியாமலும் கான்கிரீட்டின் தண்ணீரைக் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளவும் அதன் மேல் இரண்டு அங்குலம் மணல். அந்த மணலின் மேல் கான்கிரீட் போடுவதாகத் திட்டம். நானாகக் கண்டுபிடித்த முறை இல்லை இது. அமெரிக்கக் கான்கிரீட் கழகத்தின் வழிகாட்டுதலிலேயே ஒரு காலத்தில் இந்த மணல் அடுக்குக்கு இடம் இருந்தது. ஈரம் பட்டால் கெடும் தரைப் பொருள்கள் வரும் இடத்தில் கான்கிரீட் நேரடியாக ஷீட்டின் மேல்தான் அமர வேண்டும் என்று பின்னர் அதை மாற்றிவிட்டார்கள். நான் படித்திருந்தது பழைய பாடம்.

நவம்பர் 30

ஹாலின் கான்கிரீட் 2024 நவம்பர் 20-ஆம் தேதி வாக்கில் முடிந்துவிட்டது. படுக்கையறையில் ஷீட்டும் மணலும் 28-ஆம் தேதி விரித்து முடித்தோம். மறுநாள் கான்கிரீட் போட்டிருக்கலாம். புயல் வருகிறது என்று ஆட்களை ஊருக்கு அனுப்பிவிட்டேன். அதில் எனக்கு வருத்தமில்லை.

30-ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்தபின்னும் நகராமல் மணிக்கணக்கில் அங்கேயே நின்று கொட்டித் தீர்த்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை. அடுத்து சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட தண்ணீர் தென்பெண்ணையில் வெள்ளமாகப் பெருகிக் கடலூர்ப் பக்கத்தையும் மூழ்கடித்தது. சாலைகள் துண்டிக்கப்பட்டதால் டிசம்பர் 4 வரை என்னால் தளத்துக்குப் போக முடியவில்லை.

போனபோது பேஸ்மென்ட்டைத் தாண்டி வெள்ளம் ஏறவில்லை என்பதைச் சுவரில் இருந்த சேற்றுக்கோடு காட்டியது. நிம்மதிப் பெருமூச்சு விட்டேன். அங்கேதான் தவறினேன். மொட்டை மாடியில் படிக்கட்டின் தலைக்கு மேல் இன்னும் கூரை போடவில்லை. கைப்பிடிச் சுவர் கட்டி முடித்திருந்தோம். மழைநீர் இறங்கும் குழாய்களின் வாயை ஓலையும் சாந்துக் கட்டியும் அடைத்திருந்தன. மாடி தொட்டியாகி, நிரம்பி, படி வழியே ஹாலுக்குள் இறங்கியிருக்கிறது. 1,200 சதுர அடி மாடியின் மேல் 40 சென்டிமீட்டர் மழை என்றால் 44,000 லிட்டருக்கு மேல். அதில் பத்தில் ஒரு பங்கு வீட்டுக்குள் வந்திருந்தாலும் போதும். கான்கிரீட் முடிந்த ஹாலைவிடப் படுக்கையறை அரை அடி தாழ்வு. தண்ணீர் எங்கே போய் நிற்கும்?

மேஸ்திரியும் இரண்டு சித்தாள்களும் எனக்கு முன்பே வந்து பாண்டு பாண்டாக அள்ளி வெளியே ஊற்றியிருந்தார்கள். நான் பார்த்தபோது மணலின் மேற்பரப்பு வெளுத்து, காலடித் தடம் விழும் அளவுக்கு உலர்ந்திருந்தது. "மேலே காய்ந்துவிட்டது சார், நாளை மறுநாள் போட்டுவிடலாம்" என்றார் அவர். மணலில் கையை விட்டு அடிவரை தோண்டிப் பார்க்க எனக்கு ஒரு நிமிடம் போதும். பார்க்கவில்லை. தை மாதத்தில் கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது என்ற அவசரம் என் தலையில் இருந்தது. டிசம்பர் 6-ஆம் தேதி கான்கிரீட் போட்டோம்.

பின்னாளில் உட்கார்ந்து போட்ட கணக்கு இது. அறை 12 அடிக்கு 13 அடி, அதாவது 14.5 சதுர மீட்டர். இரண்டு அங்குல மணல் என்றால் முக்கால் கன மீட்டருக்குச் சற்றுக் குறைவு. மணலின் கன அளவில் மூன்றில் ஒரு பங்கு வெற்றிடம். முழுக்க நனைந்தால் அதற்குள் ஏறக்குறைய 240 லிட்டர் தண்ணீர் நிற்கும். 20 லிட்டர் குடிநீர் கேன் பன்னிரண்டு. மேலே காய்ந்ததையும் அள்ளிக் கொட்டியதையும் கழித்தாலும் ஐந்தாறு கேன் தண்ணீரை அந்தக் கான்கிரீட்டுக்கு அடியில் வைத்து மூடியிருக்கிறோம்.

ஜனவரி நடுவில் மரத்தரை பொருத்த ஆட்கள் வந்தார்கள். கான்கிரீட் போட்டு ஆறு வாரம். ஒரு பக்கம் மட்டும் உலரும் தரைக்கு ஓர் அங்குலத்துக்கு ஒரு மாதம் என்பது தரை வேலைக்காரர்களின் கைக்கணக்கு. நான்கு அங்குலத்துக்கு நான்கு மாதம். அதுவும் அடியில் தண்ணீர் இல்லாவிட்டால்தான்.

45 சென்டிமீட்டர் சதுரம்

ஏப்ரலில் எல்லோரும் சொன்ன முதல் காரணம், நிலத்தடி நீர் ஏறுகிறது என்பதே. வீட்டுக்காரரின் உறவினர் ஒருவர், "ஷீட் கிழிந்திருக்கும், அவ்வளவுதான்" என்று முடித்துவிட்டார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் மெல்லிய ஷீட் விரித்த ஹால் ஏன் நன்றாக இருக்கிறது?

ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கவும் பிளாஸ்டிக் ஷீட்டே உதவியது. ஏ.எஸ்.டி.எம். டி 4263 என்ற அமெரிக்கத் தரநிலையில் உள்ள எளிய சோதனை இது. 18 அங்குலம், அதாவது 45 சென்டிமீட்டர் சதுரமுள்ள, நிறமற்ற பாலித்தீன் ஷீட்டைக் கான்கிரீட்டின் மேல் வைத்து நான்கு ஓரங்களையும் காற்றுப் புகாமல் டேப்பால் ஒட்ட வேண்டும். குறைந்தது 16 மணி நேரம் விட்டுவிட்டுப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஷீட்டின் அடியில் துளி இருந்தாலோ கான்கிரீட் கருத்திருந்தாலோ தரைக்குள் ஈரம் இருக்கிறது.

மரப்பலகைகளைக் கழற்றினோம். அடியில் இருந்த நுரை விரிப்பை எடுத்ததும் கான்கிரீட் சாம்பல் நிறத்தில் திட்டுத்திட்டாகக் கருத்திருந்தது. அறையின் நடுவில் ஒன்று, சுவரோரம் ஒன்று என இரண்டு சதுரங்கள் ஒட்டினேன். ஹாலில் சோஃபாவுக்கு அடியில் ஒரு டைலைப் பெயர்த்து, அங்கே வெளிப்பட்ட கான்கிரீட்டில் மூன்றாவது சதுரம். அன்று ஏ.சி. போட வேண்டாம், வெயில் நேராக விழும் ஜன்னலையும் சாத்திவையுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். தரையும் காற்றும் ஒன்றுக்கொன்று வெப்பத்தில் மாறுபட்டால் சோதனை ஏமாற்றிவிடும்.

மறுநாள் காலை போனேன். ஹாலில் ஷீட் கண்ணாடி போலத் தெளிவாக இருந்தது. படுக்கையறையின் நடுவில் ஒட்டியது பால்வெள்ளையாக மாறியிருந்தது. அருகில் குனிந்து பார்த்தால், முழுக்கக் கடுகு கடுகாகத் துளிகள். சில இடங்களில் இரண்டு மூன்று சேர்ந்து பயறளவுக்குத் தடித்து, டேப்பின் ஓரத்தை நோக்கி நகர்ந்திருந்தன. ஷீட்டின் மேல்பக்கத்தை விரலால் தேய்த்தேன். காய்ந்திருந்தது. துளிகள் எல்லாம் அடிப்பக்கத்தில். அறைக் காற்றின் ஈரம் படிந்திருந்தால் துளி மேலே இருந்திருக்கும். இது தரைக்குள்ளிருந்து வருகிறது.

ஆனால் ஒன்று இன்னும் உறுத்தியது. ஓதம் என்றால் பெரும்பாலும் சுவரோரம்தான் முதலில் காட்டும். ஷீட்டின் ஓரம் விட்டுப்போகும் இடம் அதுதான். இங்கே சுவரோரம் ஒட்டிய சதுரத்திலும் நடுவில் ஒட்டியதிலும் ஒரே அளவு துளி. அறை முழுவதும் சமமாக ஈரம் என்றால், ஏதோ ஓரிடத்தில் கிழிந்து ஒழுகுகிற கதையாக அது இருக்க முடியாது.

தோண்டிப் பார்த்தது

உடனே இடிக்க மனம் வரவில்லை. மே மாதம், கத்திரி வெயில். ஜன்னல்களைத் திறந்து, இரண்டு மின்விசிறிகளைத் தரையை நோக்கித் திருப்பி, ஒரு மாதம் ஓட விட்டோம். மேற்பரப்பு வெளுத்தது. ஆசிரியருக்கு முகத்தில் சிரிப்பு வந்தது. மீண்டும் ஷீட்டை ஒட்டினோம். மறுநாள் துளிகள் முன்பைவிடச் சற்றுக் குறைவு, ஆனால் இருந்தன. இந்தச் சோதனை மேலாக இருக்கும் ஈரத்தைத்தான் காட்டும். கான்கிரீட்டின் கனத்தில் நாற்பது விழுக்காடு ஆழத்துக்குத் துளையிட்டு, உள்ளே இருக்கும் காற்றின் ஈரப்பதத்தை அளக்கும் கருவிதான் முழுக் கதையையும் சொல்லும். அது எங்களிடம் இல்லை. ஜூன் முதல் வாரத்தில் துளைக்கும் இயந்திரத்தைக் கொண்டுவந்தோம்.

நான்கு அங்குலம் இறங்கியதும் இயந்திரத்தின் சத்தம் மாறியது; மணலைத் தொட்டுவிட்டது. வெளியே எடுத்து, துளைக்குள் ஒரு கம்பியில் பஞ்சைச் சுற்றி விட்டேன். பஞ்சு ஊறி வந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால் அடியில் வெளிச்சம் மினுங்கியது. தண்ணீர்.

இடித்தோம். சுத்தியல் விழும் ஒவ்வொரு அடியும் எனக்கு உறைத்தது; நான் நின்று போட வைத்த தரை அது. முதல் சில்லைப் பெயர்த்ததும் அடியில் இருந்த மணல் குழைந்து, கரணையால் அள்ளினால் வழிந்தது. அதை வாரி எடுத்தபின் ஷீட் தெரிந்தது. கிழியவில்லை. ஒரு கீறல் இல்லை. இணைப்பில் ஒட்டிய டேப்பின் ஓரம்கூடக் கிளம்பவில்லை. நாங்கள் ஒரு மூலையைத் தூக்கியதும் மடிப்புகளில் நின்ற தண்ணீர் எல்லாம் எதிர்மூலைக்கு ஓடிச் சேர்ந்தது.

ஷீட்டை முழுவதுமாக விலக்கிவிட்டு அதன் அடியில் இருந்த மண்ணில் கையை வைத்தேன். அரிசி மாவு போல உதிர்ந்தது. தரைக்கு அடியில் இருந்த நிலம் காய்ந்து கிடக்கிறது; ஆறு மாதம் முன்பு புயலன்று பெய்த மழை அதற்கு மேலே பத்திரமாக இருக்கிறது. மேஸ்திரி அந்த மண்ணை எடுத்து உள்ளங்கையில் உருட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் ஆசிரியரிடம் நீட்டினார்.

எங்கள் ஷீட் தன் வேலையைக் குறைவில்லாமல் செய்திருக்கிறது. கீழிருந்து ஒரு சொட்டையும் மேலே விடவில்லை. மேலிருந்து ஒரு சொட்டையும் கீழே விடவில்லை. சுவரில் ஓர் அடிக்கு மடக்கி ஒட்டியதால் அது தாம்பாளமாகிவிட்டது. தண்ணீருக்கு இருந்த ஒரே வழி, கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியாக மேலே போவது. இரவெல்லாம் ஏ.சி. ஓடி அறைக் காற்றை உலர்த்தியபோது அந்த வழி இன்னும் திறந்தது. மேலே இருந்ததோ மரநாரை அழுத்திச் செய்த பலகை. ஈரத்தை ஆவலோடு குடிக்கிற பொருள். ஹாலில் ஷீட்டுக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே மணல் இல்லை, தண்ணீர் நிற்க இடமும் இல்லை. மழை அதன் மேல் ஓடிப் போய்விட்டது.

அதே தளத்தில் மற்ற ஷீட்டுகள்

அன்று இரவு தளக் குறிப்பேட்டை எடுத்து, அந்த வீட்டில் எங்கெல்லாம் ஷீட் விரித்தோம் என்று புரட்டினேன். ஈரம் எந்தப் பக்கம் இருக்கிறது, அது எந்தப் பக்கம் போக வேண்டும் என்று யோசித்து விரித்த இடங்கள் எல்லாம் பிழைத்திருந்தன. யோசிக்காமல் போர்த்திய இடங்கள் கெட்டிருந்தன.

சிமெண்ட் பிழைத்தது. புயலுக்கு முன் கொட்டகையில் 60 மூட்டைகள் இருந்தன. ஐ.எஸ். 4082 என்ற இந்தியத் தரநிலை சொல்கிறபடி தரையிலிருந்து ஆறு அங்குலத்துக்கு மேல் பலகை அடித்து, சுவரைத் தொடாமல், பத்து மூட்டை உயரத்துக்கு மேல் போகாமல் அடுக்கியிருந்தோம். மழைக்காலத்தில் அடுக்கு முழுவதையும் பாலித்தீனால் சுற்றி, மடிப்பு அடுக்கின் மேலே வந்து முடியும்படி மூட வேண்டும் என்றும் அதே தரநிலை சொல்கிறது. அதன்படி அடியில் விரித்த ஷீட்டையே நான்கு பக்கமும் தூக்கி மேலே மடித்து, இன்னொரு ஷீட்டைப் போர்த்தி, செங்கல் பாரம் வைத்தோம். கொட்டகைக் கம்பத்தில் நீட்டிக்கொண்டிருந்த ஓர் ஆணி ஷீட்டைக் கிழித்த மூலையில் மட்டும் 3 மூட்டை கட்டிப்பட்டது. சிமெண்ட் உலர்ந்த பொருள், ஈரம் வெளியில். அங்கே இறுக மூடியதுதான் சரி.

தளக் கான்கிரீட்டும் பிழைத்தது. 2024 ஏப்ரலில் கூரைத் தளம் போட்ட அன்று உச்சிவெயிலும் கடற்காற்றும். ஒரு சதுர மீட்டரிலிருந்து மணிக்கு ஒரு கிலோ தண்ணீர் ஆவியாகும் அளவுக்குச் சூழல் இருந்தால், இறுகும் முன்பே கான்கிரீட்டின் மேல் வெடிப்பு விழும் ஆபத்து உண்டு. மட்டப்பலகை இழுத்து முடித்த பகுதியை உடனுக்குடன் ஷீட்டால் மூடிக்கொண்டே வந்தோம். மறுநாள் காலை எடுத்துவிட்டுப் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினோம். தூண்களுக்கு நனைந்த சாக்கைச் சுற்றி, அதன் மேல் ஷீட்டைச் சுற்றிக் கட்டினோம். மூன்று வேளை தண்ணீர் ஊற்ற வேண்டிய இடத்தில் ஒரு வேளை போதுமாயிற்று. ஐ.எஸ். 456 கலப்புச் சிமெண்டுக்குக் கேட்கிற பத்து நாளும் சாக்கு உலரவே இல்லை. இங்கே ஈரம் உள்ளே. அது உள்ளேயே இருக்க வேண்டும். ஆகவே மூடினோம்.

கதவுகள் கெட்டன. அக்டோபரில் வந்த தேக்குக் கதவுகளை மழை படாமல் இருக்கட்டும் என்று தலை முதல் கால் வரை ஷீட்டால் சுற்றி, டேப் ஒட்டி வைத்தார்கள். ஜனவரியில் பிரித்தபோது ஷீட்டின் உட்பக்கம் முழுக்க வியர்த்திருந்தது. அடிச்சட்டத்தில் கரும்புள்ளியாகப் பூஞ்சை. மரம் உள்ளே வைத்திருந்த ஈரம் பகலில் ஆவியாகி, இரவில் ஷீட்டில் படிந்து, திரும்ப மரத்திலேயே இறங்கியிருக்கிறது. மேலே குடை மாதிரிப் போர்த்தி, கீழே திறந்துவிட்டு, கட்டையின் மேல் நிறுத்தியிருந்தால் காற்று போய் வந்திருக்கும். இரண்டு கதவுகளை இழைத்துச் சரிசெய்தோம். அந்த வியர்வையைப் பார்த்த மாதத்திலேயே நான் படுக்கையறைத் தரையை நினைத்திருக்க வேண்டும்.

தரையில் அடுக்கிய கம்பிகளைப் பற்றி ஒரு வரி: மண்ணின் மேல் நேராகக் கிடந்த கம்பிகளை ஷீட்டால் மூடியபோது, மூடாமல் கட்டையின் மேல் கிடந்தவற்றைவிட அதிகம் துருப்பிடித்தன. மண்ணின் ஆவி வெளியேற முடியாமல் கம்பியில் படிந்ததுதான் காரணம்.

மாற்றிச் செய்தது

ஆசிரியரிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். மணல் அடுக்கு என் யோசனை, நனைந்த மணலின் மேல் கான்கிரீட் போட அனுமதித்ததும் நான், செலவில் என் கட்டணத்தைக் கழித்துக்கொள்ளுங்கள் என்றேன். மேஸ்திரி தன் ஆட்கூலியில் பாதியை விட்டுக்கொடுத்தார். அவர் அப்படிச் செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை. அதை நான் மறக்கப்போவதில்லை.

மணலை முழுவதும் வாரிவிட்டு, நிரப்பு மண்ணை மீண்டும் திம்மிசு போட்டு இறுக்கினோம். கூர்மையான ஜல்லி எதுவும் துருத்தாதபடி ஓர் அங்குலம் சிமெண்ட் கலவையை இழுத்து, மணியாசக் கட்டையால் வழவழப்பாக்கினோம். பழைய ஷீட் நன்றாக இருந்தாலும் இடித்தபோது எங்காவது பொத்திருக்கலாம் என்பதால் புதிது விரித்தோம். ஏற்றம் ஒரு சாண், டேப், சுவர்க் குழாய் நுழையும் இடத்தில் ஷீட்டை நட்சத்திரமாக வெட்டித் தனித் துண்டு சுற்றி ஒட்டினோம். இந்த முறை மேலே மணல் இல்லை. தள்ளுவண்டி போகும் வழியில் மட்டும் பிளைவுட் பலகை போட்டு, கான்கிரீட் முன்னேற முன்னேற அதை இழுத்துக்கொண்டோம்.

கலவையில் தண்ணீரைக் குறைத்தோம். அப்படியும் மேலே தண்ணீர் கசிந்து வந்தது. மேஸ்திரி இரண்டரை மணி நேரம் வாசற்படியில் உட்கார்ந்து காத்திருந்து, அது வற்றியபிறகே கட்டை போட்டார். அடியில் உலர முடியாமல் மேலே மட்டும் உலரும் தரைக்கு ஓரங்கள் மேல்நோக்கி வளையும் குணம் உண்டு. அதனால் மேல்பக்கம் சட்டென்று உலராமல் பத்து நாள் நனைந்த சாக்கும் ஷீட்டும் மூடி வைத்தோம். அதன்பின் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, ஜன்னலைத் திறந்து, காத்திருந்தோம். ஜூன் கடைசியில் போட்ட கான்கிரீட்டில் அக்டோபர் கடைசி வரை யாரும் எதையும் ஒட்டவில்லை. அம்மாவின் புடவைகள் அத்தனை நாளும் அடுத்த அறையில்தான் இருந்தன.

அக்டோபர் இறுதியில் மூன்று சதுரங்கள் ஒட்டினேன். 24 மணி நேரம் கழித்துப் போனபோது ஆசிரியர் எனக்கு முன்பே தரையில் உட்கார்ந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். ஷீட் தெளிவாக இருந்தது. அதன் வழியே கான்கிரீட்டில் கட்டை இழுத்த வட்டங்கள் தெரிந்தன. ஒரு மூலையின் டேப்பைப் பிரித்து அடிப்பக்கத்தை விரலால் தேய்த்துக் காட்டினேன். அவரும் தேய்த்துப் பார்த்தார். பிறகு என்னிடமிருந்து டேப்பை வாங்கி, அந்த மூலையைத் தானே மறுபடியும் ஒட்டினார்.

"இன்னும் ஒரு நாள் இருக்கட்டும், தம்பி" என்றார்.